குஷாதாசியில் ஆறு மணி நேரம்: எபேசு இடிபாடுகளுக்கு எந்தக் கரைச் சுற்றுலா?

நவம்பர் முதல் வாரத்தில் ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கிளம்பும் குரூஸ் கப்பலில், எழுபதை நெருங்கும் பெற்றோருடன் போகவிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கப்பல் ஒரு நாள் காலை 7 மணிக்குத் துருக்கியின் குஷாதாசியில் கரைதட்டி, பகல் 1 மணிக்குப் புறப்பட்டுவிடும். அந்த இடைவெளியில் பண்டைய கிரேக்க, ரோமானிய நகரமான எபேசுவின் இடிபாடுகளைப் பார்க்கக் கப்பல் நிறுவனம் விற்கும் கரைச் சுற்றுலாவையே எடுப்பதா, வெளியில் தனி வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வதா, வழிகாட்டியே இல்லாமல் போய்வரலாமா என்பதும், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஒரு நகரத்தை அரை நாளில் எட்டிப் பார்த்துவிட்டு வருவதில் ஏதேனும் பயன் உண்டா என்பதும் உங்கள் கேள்விகள்.

இவ்வூருக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை கப்பலின் பேருந்தில் போனேன், இரண்டாம் முறை தனி வழிகாட்டியுடன் போனேன், மூன்றாம் முறை பக்கத்தூரான செல்சுக்கில் இரண்டு இரவு தங்கி நிதானமாகப் பார்த்தேன். மூன்றையும் ஒப்பிட்டுச் சொல்வதானால், குஷாதாசியைப் பொறுத்தவரை உரிமம் பெற்ற தனி வழிகாட்டியை முன்கூட்டியே அமர்த்திக்கொள்வதே உங்கள் குடும்பத்துக்கு ஏற்றது. கப்பல் சுற்றுலாவை எடுப்பதிலும் பெரிய தவறில்லை. ஆனால் எதை எடுத்தாலும், விலையையும் பட்டியலில் உள்ள இடங்களின் எண்ணிக்கையையும் ஒதுக்கிவைத்துவிட்டு, இடிபாடுகளுக்குள்ளே மொத்தம் எத்தனை நிமிடம் விடுவார்கள் என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் வேறு சுற்றுலாவைத் தேடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 'நான்கு மணி நேரச் சுற்றுலா' என்று அச்சிட்டிருப்பதில் எபேசுவுக்குக் கிடைப்பது எவ்வளவு என்பதை முதல் பயணத்தில் கடிகாரம் வைத்துப் பார்த்தவன் நான். காலையில் கப்பலின் அரங்கில் கூடச் சொன்னார்கள். ஆளுக்கொரு எண் எழுதிய ஒட்டுவில்லையைச் சட்டையில் ஒட்டினார்கள். எங்கள் எண்ணைக் கூப்பிடும்வரை உட்கார்ந்திருந்து, வரிசையாக இறங்கி, துறைமுகக் கடைகளைக் கடந்து பேருந்தில் ஏறி, கடைசியாக வர வேண்டிய இருவருக்காகக் காத்திருந்து, வண்டி நகர்ந்தபோது நாற்பது நிமிடம் போயிருந்தது. குஷாதாசியிலிருந்து எபேசு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பேருந்துக்கு அரை மணி நேரம். திரும்பவும் அதே அரை மணி. சீட்டு, கழிப்பறை, வாசலில் நின்று முன்னுரை என்று ஒரு கால் மணி. திரும்பும் வழியில் கம்பளக் கடையில் நாற்பத்தைந்து நிமிடம். இவற்றையெல்லாம் கழித்தபின் எங்களுக்கு மிஞ்சியது எண்பது நிமிடம். எண்பது நிமிடத்தில் நகரத்தின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேற முடியும். நின்று பார்க்க முடியாது.

கம்பளக் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பட்டியலில் அது 'பாரம்பரிய நெசவுச் செயல்விளக்கம்' என்ற மரியாதையான பெயரில்தான் இருக்கும். வெந்நீரில் மிதக்கும் பட்டுக்கூடுகளிலிருந்து இழை பிரிப்பதையும், தறியில் ஒரு பெண் இரட்டை முடிச்சு போடுவதையும் காட்டுவார்கள். அதுவரை உண்மையிலேயே பார்க்கத் தகுந்தது. பிறகு ஆப்பிள் தேநீர் வரும், கதவு சாத்தப்படும், சுருட்டிய கம்பளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக உதறி விரிப்பார்கள், ஆளுக்கொரு விற்பனையாளர் பக்கத்தில் வந்து உட்கார்வார். வாங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இந்தக் கடைகளில் பல துறைமுகத்துக்கு நடக்கும் தூரத்திலேயே இருப்பதால், தேநீரைக் குடித்துவிட்டு, 'நன்றி, நாங்கள் கப்பலுக்கு நடந்தே போய்க்கொள்கிறோம்' என்று எழுந்து வந்துவிடலாம். யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தை எபேசுவில் செலவழித்திருக்கலாமே என்பதுதான் என் வருத்தம். தனி வழிகாட்டியை அமர்த்தும்போது, கடை எதற்கும் அழைத்துப் போக வேண்டாம் என்று முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள்.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவுக்கு உள்ள உண்மையான சிறப்பு ஒன்றே ஒன்று: அந்தப் பேருந்து வழியில் பழுதானாலும், போக்குவரத்தில் சிக்கினாலும், கப்பல் காத்திருக்கும், காத்திருக்க முடியாமல் போனால் அடுத்த துறைமுகத்தில் உங்களைக் கொண்டு சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனியாகப் போனவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கப்பல் போய்விட்டால் அடுத்த துறைமுகத்துக்கு நீங்களே உங்கள் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான். இந்தப் பாதுகாப்புக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பது தூரத்தைப் பொறுத்தது. இத்தாலியின் சிவிதவெக்கியாவில் இறங்கி ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரோமுக்குப் போவதென்றால், முதல் முறை போகிறவரைக் கப்பல் சுற்றுலாவையே எடுக்கச் சொல்வேன். கிரேக்கத்தின் கதாகோலோனிலிருந்து ஒலிம்பியாவுக்கு 40 கிலோமீட்டருக்குள்தான். அங்கே இரண்டும் சமம். குஷாதாசியில் சாலை நல்ல சாலை, தூரம் 20 கிலோமீட்டர், எபேசு வாசலில் வாடகைக் கார் எப்போதும் நிற்கும். கப்பலில் ஏற வேண்டிய கடைசி நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகத் துறைமுகத்துக்கு வந்துவிடுவது என்று வைத்துக்கொண்டால், தவறவிட வாய்ப்பு மிகக் குறைவு. அந்தக் கடைசி நேரம் கப்பல் புறப்படும் நேரம் ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள். பொதுவாக அரை மணி நேரம், சில கப்பல்களில் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஏணியை எடுத்துவிடுவார்கள். உங்கள் கணக்கில் 1 மணிக்குக் கிளம்பும் கப்பலுக்கு 12:30-க்குள் ஏறியாக வேண்டும், 11:30-க்குத் துறைமுகத்தில் இருக்க வேண்டும்.

நவம்பரில் போகிறீர்கள் என்பதால் கடிகார விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. கிரேக்கம் அக்டோபர் இறுதி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடும். துருக்கி ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தை வைத்திருக்கிறது. கோடையில் இரு நாட்டுக் கடிகாரங்களும் ஒன்றாகவே ஓடும். நீங்கள் போகும் வாரத்தில் துருக்கி ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். கப்பல் கிரேக்க நேரத்திலேயே இருந்தால், வழிகாட்டி 'காலை 8 மணிக்குத் துறைமுக வாசலில் நிற்கிறேன்' என்று எழுதியது கப்பலில் 7 மணி. அது தெரியாமல் கப்பலின் 8 மணிக்கு இறங்கி வந்தால் அவர் ஒரு மணி நேரமாகக் காத்து நிற்பார். மாறாக, கப்பலும் துருக்கி நேரத்துக்கு மாறியிருந்து, அப்பாவின் கைக்கடிகாரம் மட்டும் பழைய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தால், விளைவு அதைவிட மோசமாக இருக்கும். கைப்பேசி தானாக மாறும், கைக்கடிகாரம் மாறாது, கப்பல் என்ன செய்யும் என்பதை முந்தின இரவு அறைக்கு வரும் அன்றாடக் குறிப்புத்தாளில் போட்டிருப்பார்கள். இறங்கும் வாசலருகே தொங்கும் பலகையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ளதே உங்களைக் கட்டுப்படுத்தும் நேரம்.

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் விசாவில் ஒரு கவனம் தேவை. பிரேயஸில் ஏறுவதற்கு, கிரேக்கம் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா வேண்டும். குஷாதாசிக்குப் போய்விட்டு மீண்டும் கிரேக்கத் தீவுகளுக்குத் திரும்புவதால், ஒரு முறை நுழைவுக்கு மட்டும் கொடுத்த விசா போதாது, பல முறை நுழைவுக்கான விசாவாக இருக்க வேண்டும். துருக்கி தரப்பில், பயணக் கப்பலில் வந்து துறைமுக நகரையும் சுற்றுப்புறத்தையும் பார்ப்பவர்களுக்கு, உள்ளூர் அதிகாரிகளின் ஒப்புதலோடு 72 மணி நேரம்வரை விசா விலக்கு உண்டு. இருந்தாலும் கப்பல் நிறுவனம் தன் பங்குக்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கலாம் என்பதால், உங்கள் கடவுச்சீட்டைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

வழிகாட்டி விஷயத்துக்கு வருகிறேன். துருக்கியில் உரிமம் இல்லாதவர் வழிகாட்டியாகத் தொழில் செய்யச் சட்டம் இடம் கொடுப்பதில்லை; உரிமம் உள்ளவர் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அதனால் கப்பலின் பேருந்தில் வருபவரும் நீங்களாக அமர்த்துபவரும் ஒரே படிப்பைப் படித்து ஒரே தேர்வை எழுதியவர்களாகத்தான் இருப்பார்கள், பல சமயம் அதே ஆளாகவும் இருப்பார். வேறுபாடு அவர் பின்னால் நடப்பவர்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. கப்பல் குழுவில் நாற்பது பேர். எண் எழுதிய மட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவர் முன்னே போவார், எல்லோர் காதிலும் ஒரு சிறு கருவி வழியாக அவர் குரல் கேட்கும். அந்தக் கருவி பயனுள்ளதுதான், ஆனால் அதில் ஒரு வினோதம் உண்டு: நாற்பதாவது ஆள் ஒரு தூணருகே நடந்து கொண்டிருக்கும்போது, வழிகாட்டி முப்பது அடி முன்னால் நின்று வேறொரு கட்டடத்தை விளக்கிக்கொண்டிருப்பார், காதில் கேட்பது ஒன்று, கண்ணில் படுவது இன்னொன்று. கப்பல் சுற்றுலாவில்தான் போகிறீர்கள் என்றால் பெற்றோரை முதல் ஐந்து பேருக்குள் நடக்க வையுங்கள், கருவியோடு தரும் காதுப்பொறி சிலருக்குக் காதில் நிற்காது என்பதால் வீட்டிலிருந்தே கம்பியுள்ள சாதாரண இயர்போன் ஒன்றைக் கொண்டுபோங்கள்.

இனி நகரம். எபேசுவுக்கு மேல் வாசல், கீழ் வாசல் என்று இரண்டு உண்டு. சுற்றுலாப் பேருந்துகள் மேல் வாசலில் இறக்கிவிட்டுக் கீழ் வாசலில் போய்க் காத்திருக்கும். இடையில் நடக்க வேண்டியது ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர், பெரும்பகுதி இறக்கம். வழிகாட்டி இல்லாமல் குஷாதாசியிலிருந்து தொல்முஷ் எனப்படும் சிற்றுந்தில் போகிறவர்கள் கீழ் வாசலுக்குப் போகும் பிரிவில் இறங்கி, உள்ளே ஏறியும் இறங்கியும் அலைய நேரும். வயதானவர்களோடு இதைச் செய்யவே வேண்டாம். நம் கோயில் பிராகாரங்களில் தேய்ந்து வழுவழுத்த கல்தளம் எப்படியோ அப்படித்தான் இங்கே தெருக்களின் பளிங்கும். நவம்பரில் ஒரு தூறல் விழுந்தால் போதும், கண்ணாடி போலாகிவிடும். ரோமானியர்களுக்கும் அந்தத் தொல்லை இருந்திருக்கிறது: தளக்கற்களில் உளியால் கோடு கோடாகக் கீறி வைத்திருப்பதைக் காணலாம், கால் வழுக்காமலிருக்க. செருப்பை விட்டுவிட்டு ரப்பர் அடி உள்ள காலணி போடச் சொல்லுங்கள். கழிப்பறை இரு வாசல்களிலும்தான் உண்டு, நடுவில் கிடையாது.

மேல் வாசலில் நுழைந்ததும் அரசு அலுவல்களுக்கான சதுக்கமும், நகர மன்றம் கூடிய சிறு அரங்கமும் வரும். இங்கே பத்து நிமிடத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம். முதல் இடம் என்பதால் எல்லா வழிகாட்டிகளும் உற்சாகமாக அரை மணி நேரம் பேசிவிட்டு, நூலகத்துக்கு வரும்போது கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஹெர்குலிஸ் வாசல் என்னும் இரண்டு செதுக்குத் தூண்களுக்கிடையே வந்து நிற்கும்போது குரேத்தஸ் தெரு கீழே சரிந்து ஓடுவதும், அதன் அடியில் நூலகத்தின் முகப்பு எழுந்து நிற்பதும் ஒரே பார்வையில் தெரியும். அங்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் இறங்க வேண்டும். தெருவின் இருபுறமும் சிலைகள் நின்ற பீடங்கள் காலியாக இருக்கும்; அநேகமாக ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூனை வெயில் காயும்.

கெல்சஸ் நூலகம் காலையில் பார்க்க வேண்டிய கட்டடம், ஏனெனில் அதன் முகம் கிழக்கே பார்த்தது. கப்பல் காலையில் வருவதில் உங்களுக்குள்ள நல்லூழ் இது. பிற்பகலில் வருகிறவர்கள் பார்ப்பது நிழலடித்த முகப்பை. ரோமப் பேரரசின் ஆசிய மாகாணத்தின் ஆளுநராக இருந்த திபேரியஸ் யூலியஸ் கெல்சஸின் நினைவாக அவர் மகன் அக்விலா இதைக் கட்டத் தொடங்கினார், கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம். புத்தகம் வாங்குவதற்கென்று 25,000 தினாரி எழுதிவைத்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. தந்தையின் உடல் நூலகத்துக்கு அடியிலேயே கல்பேழையில் வைக்கப்பட்டது. ஆக இது கல்லறையும் கூட. இப்போது நிற்கும் முகப்பு, விழுந்து கிடந்த கற்களை ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 1970 முதல் 1978 வரை மீண்டும் அடுக்கி நிறுத்தியது. தூண்களுக்கிடையே நிற்கும் நான்கு பெண் சிலைகள் நகல்கள், மூலம் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகப்பு உண்மையில் இருப்பதைவிட அகலமாகத் தெரிவதற்கு ஒரு உத்தி செய்திருக்கிறார்கள்: நடுத் தூண்கள் ஓரத் தூண்களைவிடச் சற்றுப் பெரியவை, அடித்தளமும் நடுவில் லேசாக மேடு. படிக்கட்டின் ஒரு ஓரத்தில் குனிந்து கல்வரிசையோடு கண்ணை ஓட்டினால் இந்த வளைவு தெரியும்.

வழிகாட்டிகள் சொல்லும் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நூலகத்தைத் தாண்டிய பளிங்குத் தெருவில் ஒரு கல்லில் இடது பாதமும் ஒரு பெண் முகமும் கீறியிருப்பதைக் காட்டி, உலகின் முதல் விளம்பரம், பரத்தையர் இல்லத்துக்கு வழிகாட்டுவது என்பார்கள். நூலகத்திலிருந்து அந்த இல்லத்துக்குச் சுரங்கப்பாதை இருந்தது என்றும் சேர்த்துக்கொள்வார்கள். கூட்டம் சிரிக்கும், அதற்குமேல் அதற்குச் சான்று கிடையாது. குரேத்தஸ் தெருவில் எண்கோணக் கல்லறை ஒன்று உண்டு. அதில் கிடைத்த எலும்புகள் கிளியோபாத்ராவின் தங்கை அர்சினோயினுடையவை என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள், அவள் கி.மு. 41-இல் எபேசுவில் கொல்லப்பட்டது வரலாறு என்பதால் கதை பொருத்தமாகவே இருந்தது. அந்த மண்டையோடு பதினான்கு வயதைத் தாண்டாத ஒரு சிறுவனுடையது என்று வியன்னா ஆய்வாளர்கள் 2025-இல் வெளியிட்டுவிட்டார்கள். உங்கள் வழிகாட்டி இன்னும் இளவரசி கதையைச் சொல்கிறாரா என்பதை வைத்தே அவர் கடைசியாக எப்போது படித்தார் என்று தெரிந்துகொள்ளலாம்.

நூலகத்துக்கு எதிர்ச்சரிவில் கூரை போட்டு மூடியிருப்பவை செல்வர்களின் மாடவீடுகள். இவற்றுக்குத் தனிச் சீட்டு. பெரும்பாலான கப்பல் சுற்றுலாக்களில் இது சேராது, சேர்ந்தால் விலை கூடும். என்னைக் கேட்டால் எபேசுவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தெருவில் பார்ப்பதெல்லாம் நகரம் தன்னை ஊருக்குக் காட்டிக்கொண்ட முகம், இங்கே வீடு. சுமார் 4,000 சதுர மீட்டருக்கு அடுக்கடுக்காக இறங்கும் அறைகள், சுவரில் ஓவியங்கள், தரையில் மொசைக், சூடான காற்று ஓடத் தரைக்கடியில் இடைவெளி, குழாய் வழி வந்த தண்ணீர். பூசிய சுவர்களில் வீட்டார் கூர்முனையால் கிறுக்கியதும் அப்படியே இருக்கிறது: வாள்வீரர்களின் உருவங்கள், வாங்கிய சரக்கின் விலைக்கணக்கு. மூன்றாம் நூற்றாண்டு நிலநடுக்கத்தில் இடிந்த பளிங்குச் சுவரொன்றின் துண்டுகளை, லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை, நீண்ட மேசைகளில் பரப்பி ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் வேலையை அங்கேயே காணலாம். நான் போனபோது மேசையில் ஆளில்லை. ஒரு துண்டின்மேல் பென்சிலும் பாதி தின்ற பிஸ்கட்டும் இருந்தன.

ஆனால் உங்கள் பெற்றோரை நினைத்து ஒன்று சொல்ல வேண்டும். இந்த வீடுகளைச் சுற்றிப் போட்டிருக்கும் நடைமேடை முழுவதும் படிக்கட்டு, கீழிருந்து மேலே ஏறுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தனி வழிகாட்டியோடு போனால், அம்மாவை நூலகப் படியில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு வரலாம். நாற்பது பேர் குழுவில் இந்த வசதி கிடைக்காது. தனி வழிகாட்டியை நான் பரிந்துரைப்பதற்கு இதுவே முதல் காரணம். இரண்டாவது காரணம், நாலைந்து பேருக்குப் பகிர்ந்தால் அவருக்கும் வண்டிக்கும் சேர்த்துக் கொடுப்பது, பல கப்பல்களில் அத்தனை பேருக்கும் சீட்டு வாங்குவதைவிடக் குறைவாகவே முடியும்.

பளிங்குத் தெரு முடியும் இடத்தில் பெரிய அரங்கம். 25,000 பேர் அமரலாம் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு இது தெரிந்த இடம். அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரத்தில், ஆர்த்தெமிஸ் தேவியின் (தமிழ் விவிலியத்தில் தியானாள்) சிறு வெள்ளிக் கோயில்களைச் செய்து விற்ற தட்டானான தெமேத்திரியு, கிறிஸ்தவத்தைப் பரப்ப வந்த பவுலின் போதனையால் தொழில் படுத்துவிடும் என்று கூட்டத்தைக் கிளப்பிவிட, 'எபேசியருடைய தியானாளே பெரியவள்' என்று இரண்டு மணி நேரம் கூச்சலிட்டது இங்கேதான். பவுல் இந்த மேடையில் நின்று பிரசங்கம் செய்தார் என்று சில வழிகாட்டிகள் சொல்வது அந்த நூலுக்கே முரண். உள்ளே போக அவர் விரும்பினார், சீடர்கள் விடவில்லை என்றுதான் எழுதியிருக்கிறது. உங்கள் வீட்டில் கிறிஸ்தவர்கள் யாரேனும் இருந்தால், கீழ் வாசலை ஒட்டிய மரியாள் ஆலயத்தின் இடிபாட்டையும் கேட்டுப் பாருங்கள். மரியாளைக் கடவுளின் தாய் என்று அழைக்கலாமா என்ற வழக்கைத் தீர்த்த 431-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சங்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது இது. எந்தக் குழுவும் இங்கே நிற்பதில்லை.

ஆர்த்தெமிஸ் தேவியின் கோயில், பண்டைய உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்று, செல்சுக்கின் ஓரத்தில் ஒரு சதுப்பில் கிடக்கிறது. பல காலத்துக் கல்வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நிறுத்திய ஒற்றைத் தூண், அதன் உச்சியில் நாரைக்கூடு. அவ்வளவுதான். பார்க்க ஏமாற்றமாக இருக்கும், ஆனால் அதைக் கண்டுபிடித்த கதை நல்ல கதை. ரயில் பாதை வேலைக்காக வந்த ஜான் டர்டில் வுட் என்ற ஆங்கிலேயர், 1863 முதல் கோயிலைத் தேடினார். அரங்கத்தில் ஒரு நீண்ட கல்வெட்டு கிடைத்தது. தேவியின் சிலைகளைக் கோயிலிலிருந்து அரங்கத்துக்கு எந்த வாசல் வழியாக ஊர்வலம் கொண்டுவர வேண்டும், எந்த வாசல் வழியாகத் திரும்ப வேண்டும் என்று கி.பி. 104-இல் ஒரு செல்வர் ஏற்படுத்திய அறக்கட்டளையின் விவரம் அது. உற்சவப் புறப்பாட்டு வீதியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போனதுபோல, அந்த வாசலைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கிளம்பிய சாலையைத் தோண்டிக்கொண்டே போய், 1869 டிசம்பர் கடைசி நாளில் சேற்றுக்கடியில் கோயிலின் தளத்தைத் தொட்டார். ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்தினால் போதும்.

மரியாளின் வீடு என்று பட்டியலில் வரும் இடம் புல்புல் மலைமேல் இருக்கிறது. ஜெர்மன் துறவி ஆன் கேத்தரின் எம்மெரிக் கண்ட காட்சிகளைப் பின்பற்றி 1891-இல் அடையாளம் கண்ட சிறு கல்வீடு. 1967, 1979, 2006 ஆகிய ஆண்டுகளில் மூன்று போப்பாண்டவர்கள் வந்து போயிருக்கிறார்கள், ஆயினும் இதுதான் அந்த வீடு என்று திருச்சபை தீர்ப்பளித்ததில்லை. பக்தியோடு போகிறவர்களுக்குக் கட்டாயம் போக வேண்டிய இடம். மற்றவர்கள் இதற்காக ஒன்றரை மணி நேரம் செலவழித்தால் அது எபேசுவிலிருந்து கழிவது என்பதைத் தெரிந்து முடிவெடுக்க வேண்டும். உங்கள் ஆறு மணி நேரத்தில் இரண்டையும் சேர்க்க நான் ஒப்பமாட்டேன். செல்சுக் அருங்காட்சியகமும் அப்படியே. அங்குள்ள ஆர்த்தெமிஸ் சிலைகள் அருமையானவை, ஆனால் அது இரவு தங்குகிறவர்களுக்கு.

அரை நாளில் பயன் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கான விடையை, அரங்கத்தின் முன்னே நின்று மேற்கே பார்த்தால் அங்கேயே பெறலாம். அகலமான பளிங்குச் சாலை ஒன்று நேராக அரை கிலோமீட்டர் ஓடி, நாணல் புதரில் முடிந்துவிடும். அதுதான் துறைமுகச் சாலை. ரோமப் பேரரசர் அர்க்காடியஸ் காலத்தில் இருபுறமும் தூண் மண்டபங்களும், இரவில் எரியும் விளக்குகளுமாக இருந்தது. கப்பலில் வந்தவர்கள் எபேசுவுக்குள் இந்த வழியாகத்தான் நுழைந்தார்கள். நீங்களும் நானும் மலைப்பக்கத்திலிருந்து பின்வாசல் வழியாக வந்து, அவர்கள் தொடங்கிய இடத்தில் முடிக்கிறோம். கய்ஸ்திரோஸ் என்று அன்று பெயர் பெற்ற குச்சுக் மெண்டெரஸ் ஆறு கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்தது. பெர்கமம் அரசர் அத்தலஸ், வாயைக் குறுக்கினால் ஆழம் கூடிப் பெரிய கப்பல்கள் வரும் என்று நம்பி அணை கட்டச் சொன்னாராம். அலை உள்ளே வந்து வண்டலை இழுத்துப் போவது நின்று, தூர்வது இன்னும் விரைவாயிற்று என்று பூகோள ஆசிரியர் ஸ்திராபோ எழுதியிருக்கிறார். பின்னால் வந்த ரோமப் பேரரசர் ஹேட்ரியன் ஆற்றைத் திருப்பிப் பார்த்தார். கடல் விலகிக்கொண்டே போய், இன்று ஐந்து கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது; ஊர் செல்சுக் குன்றுக்குக் குடிபெயர்ந்தது; கப்பல்கள் குஷாதாசிக்குப் போகின்றன.

வழிகாட்டிகள் இந்தச் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரங்கத்தைப் பற்றிப் பேசிவிட்டு, கீழ் வாசலை நோக்கி நடந்துவிடுவார்கள். பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். பிறகு வாசலுக்கு வெளியே வரிசையாகக் கடைகள். அதில் ஒன்றில் 'அசல் போலிக் கைக்கடிகாரங்கள்' என்று ஆங்கிலத்தில் பலகை தொங்கும். அந்த நேர்மைக்காக அப்பா ஒன்று வாங்கினாலும் தடுக்காதீர்கள், ஆனால் கப்பலின் நேரத்தை அதில் வைத்துவிடச் சொல்லுங்கள்.